மரியபாளையத்தில் சிவந்த அப்பம்

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் மாடியில்தான் குசுமா அம்மாளின் ஒற்றை அறை அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வைக்கோல் போர்களையும் செத்த மாடுகளையும் மூழ்கிய படகுகளையும் காலமெல்லாம் போய்ப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று பிரித்துச் சொன்னவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண்மணி. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார், பொய்யை அதற்கும் முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று கோகுலகிருஷ்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

கோகுலகிருஷ்ணன் அவருடைய கார் டிரைவர். அவனைக் கேட்டால் உதவித் துப்பறிவாளன் என்பான். ஊர்க்காவல் படையில் சில காலம் இருந்தவன், நாற்பதைத் தாண்டியவன். அந்தப் படை அவனிடமிருந்து தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டதே தவிர, எதிரில் வருகிறவனையெல்லாம் குற்றவாளியாகப் பார்க்கும் கண்ணை வாங்க மறந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை காலை ஜெசிந்தா என்ற பெண் படியேறி வந்தாள். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள்.

அவளுக்கு ஊர் மரியபாளையம், விழுப்புரம் போகிற வழியில் உள்ளே திரும்ப வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பூசையில் கொடுக்கும் மெல்லிய வில்லையான நற்கருணை அப்பம் ஒன்று தரையில் கிடந்ததை, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பூமாலை பார்த்திருக்கிறார். முறைப்படி அதை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தார். திங்கட்கிழமை காலையில் திறந்தால் அப்பம் சிவந்திருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க, மறுநாளைக்குள் விழுப்புரம் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆண்டவருடைய அப்பம் ரத்தம் சிந்தியிருக்கிறது என்று வேன் பிடித்து வருகிறார்கள்.

“அதுல எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல மேடம்,” என்றாள் ஜெசிந்தா. “எங்க அம்மாவ நெனச்சாதான் பயமா கீது.”

அம்மா பெயர் சூசையம்மாள். குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் ஆகியிருக்கிறது, அடுத்தது இந்த வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை இந்தச் செய்தி காதில் விழுந்ததும் சூசையம்மாள் கீழே உட்கார்ந்தவள், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நடுவில் நிறுத்தினால் இதுவரைக்கும் பட்ட கஷ்டமெல்லாம் வீண், நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் போனில் எச்சரித்திருக்கிறார். அம்மா கேட்டால்தானே? அற்புதத்தால் குணமாகிவிட்டோம் என்று நம்பிவிட்டாள், அவ்வளவுதான் என்றாள் மகள்.

குசுமா அவசரப்படவில்லை. அம்மா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று விசாரித்தார். மருந்தின் வேகத்தில் வாயெல்லாம் புண், ஆறின கேப்பைக் கூழ் மட்டும் இறங்குகிறது, உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தானே பூசிக்கொண்டு நாளைத் தள்ளுகிறாள் என்று ஜெசிந்தா சொன்னாள். அம்மா போய் அந்த அப்பத்தைப் பார்த்தாளா என்று குசுமா கேட்டார்.

“இல்ல மேடம். ஊரே போச்சு, அம்மா வாசப்படி தாண்டல. எனக்குத் தெரியும், நான் பாக்க வேணாம்னுட்டாங்க. அவ்ளோ நம்பிக்கை.”

குசுமா தலையை ஆட்டிக்கொண்டார். ஜெசிந்தா முன்னால் குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“அது மெய்யாலுமே அற்புதம்னா நான் வாய மூடிக்கறேன். மனுசன் வேலைன்னா, யாரு பண்ணதுன்னு கண்டுபுடிச்சி அம்மா முன்னால கொண்ணாந்து நிறுத்துங்க. வெள்ளிக்கெழம போவலன்னா எங்கம்மா எனக்கு இல்ல.”

அடுத்த கால் மணி நேரத்தில் கோகுலகிருஷ்ணன் காரை எடுத்துவிட்டான். வழியெல்லாம் இருபுறமும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகள். எந்தக் கொல்லையிலும் எந்தக் குற்றவாளியும் தென்படாதது அவனுக்குக் குறையாகவே இருந்தது.

மரியபாளையத்தில் கால் வைக்க இடமில்லை. கோயில் மதிலுக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். அதன் ஓரமாக மெழுகுவத்திக் கடை, பொரிக்கடை, பாட்டிலில் தண்ணீர் அடைத்து விற்கும் கடை எல்லாம் முளைத்திருந்தன. நுழைவாயிலில் ‘அற்புத நற்கருணைத் திருத்தலம்’ என்று பிளெக்ஸ் பேனர் தொங்கியது. யார் கட்டினது என்று கோகுலகிருஷ்ணன் விசாரித்தான். பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பெரியநாயகம், ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் என்றார்கள். அவன் அந்தப் பெயரை மனதில் கைவிலங்கு மாட்டி வைத்தான்.

பங்குத்தந்தை அடைக்கலம் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். தூக்கமில்லாத கண். ஆயர் இல்லத்துக்குத் தகவல் சொல்லிவிட்டதாகவும், எதையும் அற்புதம் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது, கிண்ணத்தைப் பூட்டி வையுங்கள் என்று அவர்கள் சொன்னதாகவும், ஊர் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றும் சொன்னார். பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறைக்கு இருவரையும் அழைத்துப் போனார்.

“நான் உங்க மதம் இல்ல ஃபாதர்,” என்றார் குசுமா. “அதனால சின்னப் புள்ளைங்க கேக்கறாப்ல கேப்பேன். கோச்சிக்காதீங்க. கீழ விழுந்தத ஏன் தண்ணியில போடணும்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மூன்று நாளாக இப்படி ஒரு நேரான கேள்வியை யாரும் கேட்கவில்லை போல. அப்பத்துக்கு வசனம் சொன்ன பிறகு அது எங்களுக்கு வெறும் அப்பமில்லை, ஆண்டவருடைய உடல் என்றார். விழுந்தால் யாராவது உட்கொண்டுவிடலாம். மண்பட்டு அசுத்தமாகிவிட்டால் தண்ணீரில் கரையவிட வேண்டும். அப்பத்தின் உருவம் போன பிறகு அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிடுவோம். சுவரோரத்தில் ஒரு சின்னத் தொட்டியைக் காட்டினார். அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே பூமிக்குள் இறங்கும்.

அடுத்து, அப்பத்தை யார் கொடுப்பது, எப்படி வாங்குவது என்று குசுமா கேட்டார். குருவானவர் கொடுப்பார், கூட்டமான நாளில் பயிற்சி பெற்ற நற்கருணைப் பணியாளரும் கொடுக்கலாம். அன்றைக்குப் பெண்கள் பக்கம் பெரியநாயகம் ஐயா கொடுத்தார் என்றார் அடைக்கலம். நாக்கிலும் வாங்கலாம், கையிலும் வாங்கலாம், அது வாங்குகிறவர் இஷ்டம். கையில் வாங்கினால் இடது கையை மேலே வைத்து ஏந்தி, வலது கையால் எடுத்து, அந்த இடத்திலேயே உட்கொள்ள வேண்டும். அப்பத்தோடு நகர்ந்து போகக் கூடாது. பழைய ஆட்கள் கையில் வாங்கமாட்டார்கள், பிள்ளைகள்தான் வாங்கும்.

பிறகு பேழையைத் திறந்து கிண்ணத்தை எடுத்து வைத்தார். குசுமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். தண்ணீருக்கு நிறமில்லை. அதன்மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருந்தது. ஆண்டவர் தம்மைத் துகிலால் மூடிக்கொண்டார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அப்பத்தின் ஒரு முகத்தில் மட்டும் கறை, ஓரமெல்லாம் வெள்ளை. திங்கட்கிழமை செக்கச்செவேல் என்று இருந்தது இப்போது செங்கல் பொடி மாதிரி மங்கிவிட்டது. ரத்தம் காய்ந்தால் அப்படித்தானே ஆகும் என்றார் பக்கத்தில் நின்ற பூமாலை.

பூமாலை மெலிந்த மனிதர். அன்றைக்குக் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, மூலையிலிருந்த வாளியிலிருந்து கிண்ணத்தாலேயே மொண்டேன் என்றார். அப்பத்தைத் தொட்ட விரல் நுனியெல்லாம் அன்றிலிருந்து வறண்டு எரிகிறது, தொடத் தகுதியில்லாத கை தொட்டதற்குத் தண்டனை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். குசுமா அந்த விரல்களைப் பார்த்தார். கோகுலகிருஷ்ணன் மூலையைப் பார்த்தான். மூடி போட்ட இரண்டு நீல வாளிகள், வெள்ளையடிக்கிற மட்டை, ஓர் ஏணி. ஏணியில் சாய்ந்ததில் அவன் கறுப்பு பேன்ட் வெள்ளையானதுதான் அவனுக்குக் கிடைத்த பலன்.

வெளியே வந்ததும் அவன் பொறுக்க முடியாமல் சொன்னான்: ஆள் பெரியநாயகம்தான். அப்பம் கொடுத்தவர் அவர், பேனர் கட்டினவர் அவர், வாத்தியார் வீட்டில் சிவப்பு மைக்குப் பஞ்சமா?

“மை போட்டா தண்ணியும் செவக்கும் கோகுல்,” என்றார் குசுமா. “தண்ணி தெளிவா கீது. செவப்பு அப்பத்தோட வந்திருக்குது.”

பெரியநாயகம் அவர்களை மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். பேனரில் அவருக்கு வெட்கம் இல்லை. ஊருக்கு ஒரு நல்லது நடந்தால் நாலு பேருக்குச் சொல்ல வேண்டாமா என்றார். அன்றைக்கு அப்பம் வாங்கினவர்களை நினைவிருக்கிறதா என்று குசுமா கேட்டார். அத்தனை கூட்டத்தில் யாரைப் பார்ப்பது என்று முதலில் சலித்துக்கொண்டவர், பிறகு நெற்றியைத் தடவினார்.

“பெரியவங்க எல்லாம் வாயத் தொறந்துதான் வாங்குனாங்க. ஒரே ஒரு அம்மா கைய நீட்டுச்சு. முக்காடு போட்டிருந்துச்சு, மூஞ்சிய பாக்கல. சோத்துக் கைய மேல வெச்சி, எடது கைய கீழ குடுத்து ஏந்திச்சு. மாத்தி வெச்சிக்கினு கீதேன்னு நெனச்சேன். சொல்றதுக்குள்ள பின்னால இருந்தவங்க நெருக்கிட்டாங்க, அது கைய மூடிக்கினு போயிருச்சு.”

குசுமா எழுந்துவிட்டார். பொழுது சாயப் போகிறது, சாப்பிட வேண்டும் என்றார். சூசையம்மாள் வீட்டுக்குப் போகலாமா என்று கோகுலகிருஷ்ணன் கேட்டதற்கு, இன்றைக்கு வேண்டாம் என்று ஒரே வார்த்தை. காரில் ஏறியதும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: அம்மா வழக்கமாக எப்படி அப்பம் வாங்குவாள்? நாக்கில்தான் என்றாள் ஜெசிந்தா. போன வருஷம் சித்தி மகன் கையில் வாங்கினதற்கு அன்றைக்கு முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாளாம். அப்படிப்பட்டவள் எப்படிக் கையை நீட்டியிருப்பாள் என்று நினைத்து, கோகுலகிருஷ்ணன் அவளைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை எல்லோரும் சக்ரீஸ்து அறையில் கூடினார்கள். பங்குத்தந்தை, பூமாலை, பெரியநாயகம், வாசலோரம் ஜெசிந்தா, மதிலுக்கு வெள்ளையடித்த கண்ணையன். தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கண்ணையனுக்குப் புரியவில்லை. கோகுலகிருஷ்ணனுக்கு அதற்குள் புரிந்துபோய், அவன் ஓடிவிடாதபடி கதவை மறித்து நின்றுகொண்டான்.

குசுமா மேஜைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். மூலையிலிருந்த இரண்டு வாளிகளிலிருந்தும், கலக்காமல், மேலாக ஒவ்வொரு டம்ளர் மொள்ளச் சொன்னார். பூமாலை மொண்டார். இரண்டும் தெளிந்த தண்ணீர்தான். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. பிறகு வசனம் சொல்லாத வெறும் அப்பம் இரண்டு கொடுக்க முடியுமா என்று பங்குத்தந்தையைக் கேட்டார். அவர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குசுமா கைப்பையிலிருந்து சின்னச் சிமிழைத் திறந்து, தேங்காய் எண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தம் உள்ளங்கையில் தடவி, இரண்டு அப்பங்களையும் அதில் ஒற்றி எடுத்தார். ஒன்றை ஒரு டம்ளரில் போட்டார். அது மஞ்சளாகவே மிதந்தது. மற்றதை அடுத்த டம்ளரில் போட்டார்.

அதில் மஞ்சள் பட்ட முகம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. பூமாலை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“கல்யாணத்துல ஆலம் சுத்தாதவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்றார் குசுமா. “மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும். நம்ம வீட்டுல கொழந்தைக்குக்கூடத் தெரியும். இங்க ரெண்டும் இருக்குதுன்னு யாருக்கும் தெரியல, அதான் விஷயம்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மதிலுக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பை வாளியோடு இங்கே வைத்துவிட்டுப் போனது கண்ணையன். கண்ணையன் ஆமாம் என்று தலையாட்டினான். திருவிழாவுக்கு முந்தின நாள் இன்னொரு கை அடிக்கலாம் என்று வைத்தேன் என்றான். சுண்ணாம்பு அடியில் தங்கிவிட்டால் மேலே நிற்பது பார்க்க நல்ல தண்ணீர்தான். கரண்ட் இல்லாத அரை இருட்டில், பக்கத்திலிருந்த நல்ல தண்ணீர் வாளி என்று நினைத்துப் பூமாலை அதைத்தான் மொண்டிருக்கிறார். விரல் எரிவது தண்டனை இல்லை, சுண்ணாம்பு. கிண்ணத்தில் படிந்த வெள்ளை ஏடும் துகில் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரைக் காற்றாட வைத்தால் மேலே அப்படி ஏடு கட்டும். மஞ்சளின் சிவப்பு நிற்காது, ஒன்றிரண்டு நாளில் மங்கும். கிண்ணத்தில் மங்கினதும் அதனால்தான்.

பெரியநாயகம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இதுல ஆண்டவர் இல்லியா?” என்று கேட்டார். குரலில் வாத்தியார் போய், ஏமாந்த மனிதர் மட்டும் இருந்தார்.

பதில் சொன்னது பங்குத்தந்தை. “செவக்கறதுக்கு முன்னாலயும் நாம அவரை வணங்கிக்கிட்டுத்தானே இருந்தோம் ஐயா. செவந்தாதான் நம்புவோம்னு என்னைக்குச் சொன்னோம்?”

பேனரை இறக்கச் சொல்கிறேன் என்று பெரியநாயகம் மெதுவாகச் சொன்னார். மஞ்சள் கை யாருடையது என்று கோகுலகிருஷ்ணன்தான் கேட்டான். அதைக் கேட்கவில்லையென்றால் அவனுக்குத் தலை வெடித்திருக்கும்.

“அது ஃபாதர் காதுக்கு மட்டும்,” என்றார் குசுமா.

மற்றவர்கள் போன பிறகு அவர் பங்குத்தந்தையிடம் தனியாகப் பேசினார். பேசி முடித்ததும் இருவரும் ஜெசிந்தாவை அழைத்துக்கொண்டு நடந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரிந்ததும் கோகுலகிருஷ்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. நேற்று மாலை அவன் அடித்துவிட்ட ஒரே பெயர் அதுதான்.

சூசையம்மாள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பங்குத்தந்தையைக் கண்டதும் எழ முயன்றாள். முந்தானைக்குள் கைகளை இழுத்துக்கொண்டாள். முகத்தில் குணமானவளின் சந்தோஷம் ஒரு துளியும் இல்லை. பயந்தவளின் முகம் அது. அதைக் கோகுலகிருஷ்ணனால்கூடப் பார்த்தவுடன் சொல்ல முடிந்தது.

குசுமா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“ஊரே போய்ப் பாத்த அற்புதத்த, அதனால கொணமாயிட்ட ஆளு மட்டும் ஏன் போய்ப் பாக்கல? அதான் எனக்கு மொதல்ல இடிச்சுது சூசையம்மா. வாயெல்லாம் புண்ணு. நாக்க நீட்ட முடியல. அதனால அன்னிக்கு மொத மொதல்ல கைய நீட்டுனீங்க. எந்த நல்ல பொருளு வாங்குனாலும் சோத்துக் கையிலதானே வாங்குவோம். அப்டியே வலது கைய மேல வெச்சிட்டீங்க. வாங்குனப்பறம்தான் தெரிஞ்சுது, எடுத்து வாயில போடறதுக்கு எடது கைதான் மிச்சம் கீதுன்னு. மனசு வரல. கைய மூடிக்கினு நகந்துட்டீங்க.”

சூசையம்மாள் அவரை வெறித்துப் பார்த்தாள். “உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“எனக்கும் மனசு வந்திருக்காது,” என்றார் குசுமா.

அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை. அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். எண்ணெய்க் கை, மரத்துப்போன விரல். எங்கே நழுவியது என்றே தெரியவில்லை. இடத்துக்குப் போய்க் கையைத் திறந்தால் இல்லை. குனிந்து தேடினால் பார்ப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள் என்று பயந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் ரத்தம் என்றார்கள். அவள் பழைய ஆள். குருவானவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள்.

“என் கையிலேர்ந்து விழுந்து ஆண்டவரு ரத்தம் சிந்திட்டாரு சாமி. யாரு காலு பட்டுச்சோ. அவர ரத்தம் சிந்த வெச்சிட்டு, நான் மருந்து ஏத்திக்கினு பொழைக்கணுமா? செத்தாதான் தீரும்னு இருந்தேன்.”

ஜெசிந்தா சுவரில் சாய்ந்தபடி சரிந்து உட்கார்ந்தாள். நாலு நாளாக அம்மா வாழ்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் அடம் பிடிக்கிறாள் என்று நினைத்துச் சண்டை போட்டிருக்கிறாள். பெற்ற மகளுக்கு அதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன இருக்க முடியும்? தவழ்ந்து வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

பங்குத்தந்தை பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். ரத்தம் இல்லை, அவள் கை மஞ்சள். கை நழுவினது பாவம் இல்லை. வேண்டுமென்று செய்தால்தான் பாவம். விழும் என்று தெரிந்துதான் திருச்சபை அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் முறையையே வைத்திருக்கிறது, அந்த அப்பம் இன்றைக்கு மரியாதையோடு மண்ணுக்குள் போய்விடும் என்றார். சூசையம்மாள் கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்து, மடிப்பெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. அதை மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“இனிமே நன்மை வாங்க மாட்டேன் சாமி,” என்றாள். அப்பம் வாங்குவதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். “வாயில வாங்க முடியல. கைய நம்ப முடியல.”

“முழு அப்பம் வாங்கணும்னு கட்டாயம் இல்லம்மா. நகக்கண் அளவு ஒரு துணுக்கு போதும். அதுவும் முழு நன்மைதான். ஒரு ஸ்பூன்ல தண்ணி விட்டு, அதுல போட்டு ஊட்டிடலாம். எரியாது. கோயிலுக்கு வர முடியலன்னா நானே வீட்டுக்குக் கொண்டுவருவேன். நோயாளிங்களுக்கு இப்படித்தான் குடுக்கறது.”

சூசையம்மாள் விரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இத்தப் போயி சாமியக் கேக்கறதா, இன்னா நெனச்சிக்குவாரோன்னு இருந்துட்டேனே,” என்றாள்.

அவர் எழுந்து கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தார். ஸ்பூன் தண்ணீரில் ஒரு துணுக்கு. ஜெசிந்தா அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். சூசையம்மாள் புண் வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். குசுமாவும் கோகுலகிருஷ்ணனும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

நாளைக்கு வண்டி நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லத்தான் கோகுலகிருஷ்ணன் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தான். மகள் அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் போலாமாம்மா?”

“போலாம்,” என்றாள் சூசையம்மாள். “தலகாணி ஒண்ணு எடுத்துக்கடி. ஏத்தி முடிக்க நேரமாவும்.”